மூன்றாம் வரிசைக்கு யார் போவது?

சொகுசு எஸ்யூவியை எடைபோடக் கோவைக்காரருக்குக் குதிரைத்திறன் அட்டவணை வேண்டாம். அவினாசி சாலை ஷோரூமில் மூன்றாம் வரிசையில் அம்முச்சியை ஏற்றிப் பார்த்தால் போதும். 2022 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் ஜிஎல்பி-யில் கடைசி இருக்கை 1.68 மீட்டர் உயரக்காரர் வரைதான் என்று கம்பெனியே சொன்னது. உயரத்தை அளந்தவர்கள் முழங்கால் வலியை அளக்கவில்லை. நடு இருக்கையை நகர்த்தி, குனிந்து, கால் மாற்றி உள்ளே போன அம்முச்சி கேட்பார்: “ஏங்கண்ணு, இதுல எறங்கறது எப்படி?” விற்பனையாளர் பனோரமிக் கூரையைத் திறந்து காட்டுவார். வாங்கிய பிறகு அந்த வரிசை மடங்கியே கிடக்கும். பொள்ளாச்சித் தேங்காய் மூட்டை அதன்மேல் சொகுசாக வரும். குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கு ஏழு பேர் போகோணுமுங்களா? பழைய இன்னோவாவை விற்றுவிடாதீர்கள்.