இரண்டாம் டிகாக்ஷன் வேதியியல்

ஆகஸ்ட் பிறந்தாயிற்று. அமெரிக்காவில் டாக்டர் கனவோடு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வீடுகளில் இந்த வாரம் யாரும் யாரையும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை. "கெமிஸ்ட்ரி யாரிடம் எடுக்கிறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரிப்பாரில்லை. யார் கை தாராளம், யார் 'ஏ' போடுவதற்கு அழுவார் என்பதே விசாரணை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கேள்வி அற்பமானதாக இருந்தால் ஒரு சிரிப்போடு நகர்ந்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் அது முழுக்க முழுக்க நியாயமான கேள்வியாக இருக்கிறது, அதுதான் எரிச்சலுக்குக் காரணம். முந்நூறு பேர் உட்காரும் பெரிய ஜென் கெம்மா (அதாவது பொது வேதியியலா), பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடமான ஏபி முடித்து வந்தவர்களுக்கான ஒரு செமஸ்டர் துரித வகுப்பா, இல்லை நேராக ஆர்கானிக்கில் குதித்துவிடுவதா? இந்த மூன்றில் எது சரி என்பதைக் கட்டுரையின் முடிவில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரை கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

கேள்வி ஏன் நியாயமானது என்றால், எம்.டி. படிப்புக்கான பொது விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் தனியே பிரித்து, அவற்றுக்கென்று ஒரு ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, கணக்கிடுகிறார்கள். ஜென் கெம் இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் இரண்டு செமஸ்டர், கூடவே லேப் என்பது பழைய வழக்கம். இப்போது பயோகெமிஸ்ட்ரியும் சேர்ந்துகொண்டது. முதல் செமஸ்டரில் விழுந்த ஒரு 'பி', சட்டையில் பட்ட மாம்பழக் கறை மாதிரி நான்கு வருடமும் கூடவே வரும். அறிவியல் வரலாறோ கவிதையோ எடுத்து அந்தக் கறையைப் போக்க முடியாது. அந்தத் தனிக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜென் கெம்மின் முதல் சில வகுப்புகளிலேயே முக்கிய எண்ணுருக்கள் பற்றிச் சொல்லித் தந்துவிடுவார்கள்: அளக்கும் கருவிக்கு இல்லாத துல்லியத்தை விடையில் காட்டாதே. அதைப் பற்றிய வினாத்தாளில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அன்று சாயங்காலமே 3.87க்கும் 3.89க்கும் உள்ள தூரத்தை எண்ணித் தூக்கம் தொலைக்கிறது. நம்மவர் வீடுகளில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கட்-ஆஃபில் 0.25 குறைந்ததால் கல்லூரியே மாறிப்போன பரம்பரை அல்லவா!

இனி தலைப்பில் சொன்ன இரண்டாம் டிகாக்ஷன் விஷயம். பள்ளியிலேயே ஏபி கெமிஸ்ட்ரி எழுதி 5க்கு 5 வாங்கிய பிள்ளைக்குக் கல்லூரி, "உனக்கு ஜென் கெம் வேண்டாம், மேலே போ" என்கிறது. மருத்துவப் பள்ளிகளோ ஆளுக்கொரு விதி வைத்திருக்கின்றன. சில அந்த 5ஐ ஏற்கும்; சில ஏற்காது; சில, அதற்குப் பதிலாக மேல்நிலைப் பாடம் ஒன்றைக் காட்டு என்னும். எதற்கு வம்பு என்று பிள்ளை, தெரிந்த பாடத்தையே திரும்ப எடுக்கிறது. இப்படியாக, அறிமுக வகுப்பு என்று பெயர் வைத்த கூடத்தில் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் வந்து நிறைகிறார்கள். கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றவர்கள் பெண் பார்க்கும் சடங்குக்கு வந்து பஜ்ஜி சாப்பிடுவது போல. நிஜமாகவே முதல்முறை பெண் பார்க்க வந்த அப்பாவி ஒருவன், ஏபி வகுப்பே இல்லாத ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்தவன், மூலையில் விழித்துக்கொண்டிருப்பான். மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும், அதாவது கர்வ் போடும், வகுப்பில் அவனுக்கான அளவுகோல் இவர்கள்தான்.

சரி, சுலபமான பேராசிரியரைத் தேடிப் பிடித்தால்? இங்கேதான் 1884இல் வேதியியலாளர் லெ ஷாத்லியே சொன்னது குறுக்கே வருகிறது. சமநிலையில் இருக்கும் அமைப்பைத் தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவைக் குறைக்கும் திசையில் அது நகரும். ஒருவர் தாராளி என்று பேர் வாங்கினால், அவரிடம் முதலில் ஓடுபவர்கள் யார்? அதிக உஷாரானவர்கள், அதாவது 5 வாங்கியவர்கள். சராசரி ஏறுகிறது, டிசம்பருக்குள் தாராளியின் வகுப்பே கொலைக்களம் ஆகிறது. கறார் பேர்வழியின் வகுப்பில், தாமதமாகப் பதிந்தவர்களும் தூங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள்; அங்கே சுமாரான விடைக்கும் 'ஏ' கிடைக்கிறது. செய்தி கசிந்து ஜனவரியில் மீள்வினை தொடங்கும். இதில் வினையூக்கி, இரண்டாம் ஆண்டு சீனியர். முன்வினை, மீள்வினை இரண்டையும் வேகப்படுத்துவார், சமநிலையை மாற்ற மாட்டார், தாம் மட்டும் துளியும் தேய மாட்டார். கிளர்வு ஆற்றல் என்பது காலை எட்டு மணி வகுப்பு. வெப்பம் என்பது அப்பா. வெப்ப உமிழ் வினையில் சூட்டை ஏற்றினால் வினை பின்னோக்கித் திரும்பும் என்பது விதி. ஆகவேதான் அப்பா ஒருமுறை ஃபோனில் கத்தியதும் பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்புகிறது. முதல் மிட்டர்முக்குப் பிறகு அடியில் தங்குபவர்கள் வீழ்படிவு. அம்மா தாங்கல் கரைசல்: அமிலம் ஊற்றினாலும் காரம் ஊற்றினாலும் அசையமாட்டார். ஆனால் அந்தத் தாங்கலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதைத் தாண்டினால் ஒரே சொட்டில் எல்லாம் கவிழும். ஜென் கெம் முழுவதையும் இப்படியே நடத்தி முடித்துவிடலாம் போலிருக்கிறது. என்னிடம் எடுத்தால் எல்லோருக்கும் 'ஏ'.

"டாக்டருக்கு வேதியியல் வேண்டாமா?" என்று மறுப்பவர்கள் உண்டு. வேண்டும், சந்தேகமே இல்லை. நம் ரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்கிறது. பைகார்பனேட் தாங்கலும் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதைக் காக்கின்றன. சர்க்கரை நோயாளி ஒருவர் கீட்டோன் அமிலம் ஏறி மூச்சிரைத்து வரும்போது, அந்த மூச்சிரைப்பு ரத்தத்திலிருந்து கார்பன் டைஆக்ஸைடை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்க உடம்பு செய்யும் முயற்சி என்று புரிய தாங்கல் கரைசல் தெரிந்திருக்க வேண்டும். 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் மருத்துவக் கல்வி பற்றிய தம் புகழ்பெற்ற அறிக்கையில் வேதியியலை மருத்துவத்துக்கு அடித்தளமாகக் கேட்டது இதற்காகத்தான். என் சண்டை பாடத்தோடு இல்லை. இவ்வளவு அருமையான பாடத்தை, அபாயமில்லாமல் எப்படித் தாண்டுவது என்ற ஒரே கோணத்தில் பதினெட்டு வயதில் பார்க்கப் பழக்குகிறோமே, அதோடுதான்.

"வடிகட்டித்தானே ஆக வேண்டும்?" என்பது அடுத்த மறுப்பு. வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்து, பாதிக்கும் குறைவானவர்கள் சேரும் படிப்பில் ஃபில்டர் வேண்டும்தான். ஆனால் எதை ஊற்றி எதை இறக்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஏற்கெனவே ஒருமுறை இறக்கிய தூளிலேயே வெந்நீர் விட்டு, "எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது பார்" என்று மெச்சுவது ஃபில்டரின் பெருமை ஆகாது. 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆர்கானிக் வகுப்பின் சுமார் 350 பேரில் 82 பேர், உழைப்புக்கேற்ற மதிப்பெண் கிடைக்கவில்லை என்று மனுப் போட்டார்கள். அந்த வகுப்பை நடத்திய, அந்தத் துறைக்குப் பாடநூலே எழுதிய மூத்த பேராசிரியரின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. மாணவர்கள் சோம்பேறிகளா, ஆசிரியர் கொடியவரா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. ஒரு பாடத்தின் ஒரு எழுத்துக்கு இவ்வளவு எடையை ஏற்றிவைத்தது யார் என்பது பட்டிமன்றத் தலைப்பில் இல்லை.

மூன்றில் எது சரி என்று சொல்வதாக முதல் பத்தியில் வாக்குக் கொடுத்தேன். அதற்கு உங்கள் பிள்ளையின் ஏபி மதிப்பெண், குறிவைத்திருக்கும் பள்ளிகளின் விதி, பேராசிரியரின் போன வருட சராசரி எல்லாம் தெரிய வேண்டும்; இரண்டு தசமத்துக்குச் சொன்னால் போதும். பார்த்தீர்களா, நானும் ஆரம்பித்துவிட்டேன். காலை எட்டு மணி வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறதாம். ஏன் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.