மருமவன் பை மருத்துவம்

ஏலே மருமவனே, டெல்லி மயூர் விஹாருக்கு வந்து எறங்கின அன்னைக்கே புரிஞ்சு போச்சு, எங்கக்கா மவன் படிக்காமலே டாக்டராயிட்டான்னு. எய்ம்ஸ் வாசல்ல விடியுமுன்னே வரிசையில நிக்குத சனம் வெவரங்கெட்டது. ஒன் ஆபீஸ் பையத் தொறந்து காட்டியிருந்தா அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருப்பாவ.

தலைவலிக்கு ஒண்ணு, மேலுவலிக்கு ஒண்ணு, மூக்கு ஒழுகினா ஒண்ணு. மூணும் தனித்தனி மருந்துன்னுதான நெனைச்சிருக்க? நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அட்டையத் திருப்பிப் பாத்தேன். டோலோவுல பாரசிட்டமால் 650 மில்லிகிராம். காம்பிஃப்ளாம்ல இபுப்ரோஃபென் 400, கூடவே பாரசிட்டமால் 325. சளி மாத்திரையிலயும் பாரசிட்டமால் 500. ஒரே ஆளு மூணு சட்டை மாத்திக்கிட்டு மூணு பந்தியிலயும் உக்காந்து சாப்பிட்ட கதைதான். கூட்டிப் பாரு, வேளைக்கு 1,475. மூணு வேளைக்கு 4,425. நல்லா இருக்குத பெரிய ஆளுக்கே 24 மணி நேரத்துக்கு 4,000தான் எல்லை. சனிக்கிழமையானா கிளாஸைத் தூக்குதவனுக்கு அதைவிடக் கம்மி.

“எனக்கு ஒண்ணுமே செய்யலியே மாமா”ம்ப. செய்யாதுடே. அளவு மீறினா மொத நாளு ஒரு சத்தமும் இருக்காது. நீ மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியுத நேரத்துலதான் ஈரல் கெட்டுக்கிட்டிருக்கும். மாத்து மருந்து உண்டு, ஆனா வெரசாக் குடுக்கணும். கூடுதலாத் தின்னுட்டோம்னு தெரிஞ்சா, வலி வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நேத்து மருந்துக்கடைக்காரன் சீட்டு இல்லாம இபுப்ரோஃபென் தரமாட்டேன்னான்னு அவன்கிட்ட இந்தியில மல்லுக்கு நின்னியே, சபாஷ்! 2023 ஜூலையில டெல்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கடைக்காரங்களுக்குச் சொன்னதுதான் அது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இதையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்காதீங்கன்னு. கொசுக் காலம்லா! டெங்கு வந்தா ரத்தத்துல தட்டணு கொறையும். இந்த மாத்திரைங்க மிச்சமிருக்குத தட்டணுவையும் ஒழுங்கா வேலை செய்ய விடாது. ரெண்டும் சேந்தா ரத்தக்கசிவுதான். 2015ல இந்த ஊர்ல 15,000 பேருக்கு மேல டெங்கு வந்துச்சு. காய்ச்சலடிச்சா, என்ன காய்ச்சல்னு தெரியுத வரைக்கும் பாரசிட்டமால் ஒண்ணே போதும், அதுவும் அளவோட.

தானம் பண்ணுத கையக் கொஞ்சம் மடக்கி வையி. எங்கக்காவுக்குப் பிரஷர் இருக்குல்லா? அவ மூட்டுவலின்னா ஒடனே ஒன் அட்டைய நீட்டுத. இபுப்ரோஃபென் பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் படுத்தும். வெறும் வயித்துல போட்டுப் போட்டுப் பழகினா வயிறு புண்ணாவும். புள்ளைக்கு ஒன் மாத்திரையில பாதிய ஒடிச்சுக் குடுக்குத சாமர்த்தியமும் வேண்டாம். அதுக்கு எடை பாத்துத்தான் அளவு. நிமெசுலைடுன்னு இன்னொரு வலி மாத்திரை, அதை 12 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2011லயே நிறுத்திட்டாங்க.

மாமனுக்கு எங்கேருந்து இம்புட்டு ஞானம்னு முழிக்காத. பாதி அட்டையிலயே அச்சடிச்சுக் கெடக்கு. பேரைப் பெருசாப் போட்டு, உள்ள இருக்குதத எறும்பு கணக்காப் பொடிசாப் போட்டிருக்கான். அந்தப் பொடி எழுத்தைத்தான் நீ படிக்கணும்.

மூணு நாளாகியும் காய்ச்சல் விடலேன்னா நெசமான டாக்டர்கிட்ட போ. வாந்தி, வயித்துவலி, ரத்தம்னா அந்த மூணு நாளையும் எண்ணாத. முழுங்கினது அத்தனையையும் ஒளிக்காமச் சொல்லு. வெக்கமா இருந்தா அட்டைகளை அப்படியே மேசையில கொட்டிரு. அவரே கூட்டிக்கிடுவாரு, ஒனக்குத்தான் கணக்கு வராதே!