தவளை தின்ற கீரை

எண்பதுகளில் விலங்கியல் படிப்பு என்றால் தவளை அறுப்பது. மெழுகுத் தட்டில் மல்லாக்கப் போட்டு, நாலு காலையும் விரித்துக் குண்டூசி குத்தி, வயிற்றின் நடுவே ஓடும் சிரையில் கத்தரி படாமல் தசையைத் திறக்க வேண்டும். மார்க் எல்லாம் தமனிக்கும் சிரைக்கும் நரம்புக்கும்தான். இரைப்பையும் குடலும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிற சாமான்கள். ஓரமாக ஒதுக்கி ஒரு ஊசி குத்திவிடுவோம்.

எங்களுக்கு வந்தவை குளத்துப் பச்சைத் தவளைகள். ரெக்கார்டு நோட்டில் ரானா ஹெக்ஸாடாக்டைலா. ஒருநாள் படம் வரைந்து முடித்த பின், மணி அடிக்க நேரமிருந்ததால் இரைப்பையைக் கீறினேன். பூச்சி இல்லை. கீரைக் கடையல் மாதிரி பச்சைக் கூழ், நடுநடுவே முழுசாக இலைத் துண்டுகள். பக்கத்துத் தட்டிலும் அதே. டெமான்ஸ்ட்ரேட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பூச்சியைப் பிடிக்கத் தாவினப்போ பாசியும் சேர்ந்து உள்ள போயிருக்கும்பா. ரெக்கார்டுல பூச்சின்னே எழுது. எக்ஸ்டர்னலா வர்றவர் உன்னைத்தான் கேப்பார், தவளையைக் கேக்க மாட்டார்."

எழுதினோம். மார்க்கும் வந்தது.

1996-ல் இந்திரனீல் தாஸ் இதே இனத்தின் உணவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வளர்ந்த தவளைகள் பெரும்பாலும் இலைதழையைத்தான் தின்கின்றன என்றார். தவளைக் கூட்டத்திலேயே அபூர்வமான குணம். இந்தச் செய்தி எத்தனை வருஷ மாணவர்களின் தட்டில் திறந்து கிடந்து, வகுப்பு முடிந்ததும் பக்கெட்டுக்குப் போயிற்றோ!

2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு இந்த அறுவையையே நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்ல காரியம். பாதி மயக்கத்தில் கால் உதறிய தவளையைப் பார்த்தவர்கள் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.

இப்போது அண்ணன் பேத்தி விலங்கியல் படிக்கிறாள். அவள் தவளை டேப்லெட்டில் இருக்கிறது. விரலால் இழுத்தால் தோல் விலகுகிறது; ஒரு சொட்டு ரத்தமில்லை, ஃபார்மலின் நெடியில்லை. ரோஸ் நிறத்தில் பளபளவென்று இரைப்பை.

"அதைக் கீறிப் பாக்க முடியுமாம்மா?"

இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணும் வைக்கல தாத்தா." பிறகு திரையைக் கீழே தள்ளினாள். "ஆனா இங்க போட்டிருக்கு பாருங்க. உணவு: பூச்சிகள்."