மாமனார் கொண்டுவந்த குழாய்

எங்கள் குளியலறையில் ஒரு பாத் டப் இருக்கிறது. அதில் இதுவரை குளித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மாமனார். 1987-இல் குவைத்திலிருந்து திரும்பிய கையோடு வாங்கிப் பதித்தவர், போட்ட பணத்துக்காவது ஒருநாள் படுத்துப் பார்ப்போம் என்று படுத்தார். எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. இன்னொருவர் பிள்ளையார். ஒவ்வொரு சதுர்த்திக்கும் மூன்றாம் நாள் களிமண் பிள்ளையாரை அதில்தான் கரைக்கிறோம்.

மற்ற நாட்களில் அது தண்ணீர்த் தொட்டி. சென்னையில் இருக்கிற முக்கால்வாசி பாத் டப்களின் தலையெழுத்து இதுதான் என்பது என் அனுமானம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வற்றி, தெருவே லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, இருநூறு லிட்டர் பிடிக்கிற அந்த டப்பை வைத்துத்தான் அக்கம்பக்கத்தில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது.

டப் இங்கே வாங்கியது. குழாய் மட்டும் குவைத்திலிருந்து பெட்டியில் வந்தது. கெட்டிப் பித்தளை, மேலே பளபளவென்று முலாம், இரண்டு பிடி, ஒன்றில் சிவப்புப் பொட்டு, இன்னொன்றில் நீலப் பொட்டு. எடை இரண்டு கிலோவுக்குக் குறையாது. “ஊரெல்லாம் அங்கேருந்து தங்கம் கொண்டுவந்தாங்க. இவர் குழாய் கொண்டுவந்தார்” என்று மாமியார் இத்தனை வருஷமாக, ஒரு எழுத்து மாறாமல், சொல்லிவருகிறார். சிவப்பைத் திறந்தால் வெந்நீர் வரவேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுமே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதால், சித்திரையில் இரண்டிலும் வெந்நீர், மார்கழியில் இரண்டிலும் ஐஸ் தண்ணீர்.

அந்தக் குழாய் போன தை மாதம் சொட்ட ஆரம்பித்தது. நிமிடத்துக்கு அறுபது சொட்டு; நான் கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினேன். ராத்திரி பத்து மணிக்கு 20 லிட்டர் வாளியை வைத்தால், காலை ஆறு மணிக்கு மூன்றில் ஒரு பங்கு நிரம்பியிருந்தது. “ஒருநாள் பாத்திரம் தேய்ச்சுடலாம்” என்றார் மாமியார். பிறகு பூக்கட்டுகிற வாழைநாரில் ஒரு முழம் எடுத்துக் குழாய் வாயில் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீர் நாரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வழிந்து இறங்கியது. ‘டொக் டொக்’ நின்றுபோனது. என் பார்வையில் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. மனைவி பார்வையில் தீரவில்லை.

பிளம்பரைக் கூப்பிட்டோம். “இதோ கிளம்பிட்டேன் சார்” என்றார். பதினோரு நாள் கிளம்பிக்கொண்டே இருந்தார்.

“நானே பண்ணிடறேன்” என்றேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல், சுவரில் மாலையோடு இருந்த மாமனாரை ஒருமுறை பார்த்தார்.

இந்த மாதிரிக் குழாயின் சூட்சுமம் ரொம்ப எளிது. பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் என்கிற தண்டு கீழே இறங்கும். அதன் நுனியில் ஒரு ரப்பர் வாஷர். அது போய் உள்ளே இருக்கிற சீட் மேல் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கும். வாஷர் தேய்ந்தால் சொட்டும். அதை மாற்றினால் நிற்கும். சுவரிலிருந்து வருகிற பைப்பை ஸ்கேலால் அளந்தேன்: 21 மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் 25.4 என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. கணக்குப் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, முக்கால் இஞ்ச் குழாய்க்கு வாஷர் வேணும்.”

“வீட்டுக் குழாயா? அரை இஞ்ச்சால்லா இருக்கும்.”

“இல்ல, அளந்து பார்த்தேன். 21 மில்லிமீட்டர்.”

“அதான் அரை இஞ்ச்.”

வெளியே 21 மில்லிமீட்டர் இருக்கிற பைப்புக்குப் பெயர் அரை இஞ்ச்சாம். பழைய காலத்து இரும்புப் பைப்பின் உள் துவாரத்தை வைத்து வந்த பெயர் அது. “குவைத் குழாய்க்கு நம்மூர் வாஷர் பொருந்துமா?” என்றேன். “வெள்ளக்காரன் போட்ட திருகு சார், ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.” உண்மைதான், குவைத்தும் 1961 வரை அவர்கள் நிழலில் இருந்த நாடு. சரித்திரத்தை மதித்து, ஒன்று ஐந்து ரூபாய் என்று நாலு வாஷரும், முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஸ்பானரும் வாங்கினேன்.

முதல் நாள் பிடியே கழலவில்லை. போர் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பாக இறுகிப் பிடியையும் தண்டையும் ஒன்றாக்கியிருந்தது. நான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாமியார் ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துத் துணியில் நனைத்துப் பிடியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். காலையில் அவிழ்த்தால், உப்பு சேறாகக் கரைந்து வந்தது. முலாம் உதிர்ந்த இடத்தில் பித்தளை குத்துவிளக்கு மாதிரி மின்னியது. நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன். பிடி கையோடு வந்தது.

அடுத்து தண்ணீரை நிறுத்தவேண்டும். எங்கள் குடியிருப்பில் ஆறு வீடு. மொட்டைமாடியில் ஆறு கேட் வால்வு. எது யாருடையது என்று என்றோ பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்கள். மழையும் வெயிலும் அதைக் கல்வெட்டாக்கியிருந்தன. மூன்றாவதுதான் எங்களுடையது என்று உள்ளுணர்வு சொன்னது. இரண்டு கையாலும் முறுக்கி மூடிவிட்டு மாடியிலேயே மூச்சு வாங்கினேன். கீழேயிருந்து, பைப் ஓடுகிற சந்து வழியாக, ஒரு குரல் எழும்பி வந்தது.

“யாருய்யா அது மேல? கண்ணுல சோப்பு!”

கீழ்வீட்டுக்காரர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடம் அதுவரை நான் கேட்டதெல்லாம் “சௌக்கியமா?” மட்டும்தான். அவசரமாகத் திறந்துவிட்டு நாலாவதை மூடினேன். குரல் வரவில்லை. அது எங்களுடையது, அல்லது அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

நீலப் பொட்டைக் கழற்றி வாஷரை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், பொம்மைக் கல்யாணத்துக்குச் சுட்ட மெதுவடை போல இருந்தது: கருகல் நிறம், நடுவில் ஓட்டை, கல்லாக இறுகிய உடம்பு, சீட் அழுத்தி அழுத்திப் பதிந்த ஒரு வட்டப் பள்ளம். புதியதைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, மாடிக்குப் போய் வால்வைத் திறந்து, இறங்கி வந்து பார்த்தேன். சொட்டியது.

இரண்டு பிடிக்கும் வாய் ஒன்று. எந்தப் பக்கத்து வாஷர் போனாலும் சொட்டுவது அதே இடத்தில்தான். இதை யோசிக்க இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை. எனக்கு அது இருந்தும் யோசிக்கவில்லை.

மறுபடியும் மாடி. மறுபடியும் நாலாவது வால்வு. சிவப்புப் பொட்டைக் கழற்றினால், அங்கே வாஷர் என்று சொல்லத்தக்க பொருளே இல்லை. கறுப்பாக ஒரு துணுக்கு தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. புதியதைப் பொருத்தினேன், பூட்டினேன், திறந்தேன், மூடினேன். நானும் மனைவியும் மாமியாரும் குளியலறை வாசலில் நின்று, குழாய் வாயைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை. மாமியார் நாரை அவிழ்த்து, பூக்கூடையில் போட்டுக்கொண்டார்.

வெற்றிச் செய்தியை அண்ணாச்சியிடம் சொன்னேன். “வாஷர் தானா சாகாது சார். சொட்டுதுன்னு இறுக்குவாங்க. இறுக்க இறுக்க நசுங்கும். நசுங்கினா இன்னும் சொட்டும், இன்னும் இறுக்குவாங்க. அப்புறம் சீட்டும் போயிடும். உங்க வீட்ல யாரோ பலசாலி இருக்காங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, ராத்திரி படுக்கப் போகுமுன் வீட்டுக் குழாய்களையெல்லாம் ஒருதடவை பல்லைக் கடித்து இறுக்கிவிட்டு வருவது நான்தான். அதை ஒரு பொறுப்பாகவே செய்துவந்தேன். “அப்பா இருந்தவரைக்கும் சொட்டினதே இல்லை” என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குவைத்துக் குழாயை இரண்டு விரலால் மூடுங்கள், போதும். இன்னும் இரண்டு வாஷர்தான் பாக்கி இருக்கிறது.