16 மெகாபிக்சலும் பெரியம்மாவும்

வட்டகொடையில் ஒரு போட்டோ நல்ல போட்டோவா என்று தீர்ப்புச் சொல்ல எங்கள் பெரியம்மாவை விட்டால் ஆள் கிடையாது. முதலில் கால் தெரிய வேண்டும். காலை வெட்டிய படம் அவருக்குப் பாதிப் படம். அடுத்தது முகம். "ஏன்டா, நான் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

இவர் முன்னால்தான், சவூதியிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த சின்ன டிஜிட்டல் கமராவோடு நான் போய் நின்றேன். பெட்டியில் 16 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போடாமல் விட்டது உள்ளே இருக்கும் சென்சாரின் அளவை. அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் நாலரை. பரப்பளவைப் பார்த்தால், பழைய பிலிம் ரோலின் ஒரு கட்டம் இப்படி 30 சென்சாருக்குச் சமம். அந்தத் துணுக்குக்குள் 1 கோடியே 60 லட்சம் புள்ளிகளைக் குடிவைத்திருக்கிறார்கள். ஒரே லயக் காம்பராவில் மூன்று குடும்பம் இருக்கிற கதை எங்களுக்குத் தெரியாததா? வெயில் இருக்கும் வரை சண்டை இல்லை. வெளிச்சம் குறைந்து, ஒளியுணர்வைக் கூட்ட கமரா தானாக ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றியதும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஆரம்பிக்கும். அதை அடக்குகிறேன் பேர்வழி என்று கமரா எல்லாவற்றையும் மெழுகிவிடும். பெரியம்மாவின் பச்சைக் கம்பளிச் சட்டை எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

வெயிலை நம்பியும் இங்கே பிழைக்க முடியாது. பகல் இரண்டு மணிக்கு கிரேட் வெஸ்டர்ன் மலையைக் காணோம். இருந்த இடத்தில் வெள்ளை மட்டும். கமராவின் ஒளிமானிக்கோ, உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்றுதான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூடுபனியைக் கண்டதும் 'அடேயப்பா, என்ன வெளிச்சம்!' என்று மிரண்டு அடக்கிவிடும். பனி சாம்பலாகும், அதன் முன்னால் நிற்கும் பெரியம்மா கரியாவார், பழி என் தலையில் விழும். இதற்கு மருந்து, பிளஸ் மைனஸ் போட்ட பொத்தான். +1 வைத்தால் பனி வெள்ளையாகும், முகம் முகமாகும். வைட் பேலன்ஸில் மேகப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் நீலம் பாய்ந்த கன்னத்தில் கொஞ்சம் ரத்தமும் ஓடும். இத்தனையையும் திருகி முடிப்பதற்குள் பெரியம்மா "மலைக்கு நேரமாச்சு" என்று கொழுந்துக் கூடையைத் தூக்கியிருப்பார்.

பிளாஷ் எதற்கு இருக்கிறது என்பீர்கள். மாரியம்மன் திருவிழா இரவில், பனி இறங்கிக்கொண்டிருக்க, அதையும் போட்டுப் பார்த்தேன். சின்னக் கமராவில் பிளாஷும் லென்சும் ஒட்டினாற்போல் இருக்கும். பக்கத்தில் மிதக்கும் பனித்துளிகள் பிளாஷ் வெளிச்சத்தை நேரே லென்சுக்குத் திருப்பிவிட, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கும் சித்தப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரோதமுனிடா!" ஸ்டோரைக் காக்கும் சாமியே படத்தில் இறங்கிவிட்டதாம். அதன் பிறகு அந்தப் படத்தை அழிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

போகஸ் இல்லை என்று பேச்சு வாங்கிய படக்காரர் இந்த மலைக்குப் புதிதும் அல்ல. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கில அம்மாள், 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவில் தொடங்கியவர். படம் மங்கல் என்று இங்கிலாந்தில் விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், அவர் அசையவில்லை. கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே வந்து, தோட்டத்துத் தமிழ் ஆட்களை நிறுத்திப் படம் பிடித்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. அவர் படம் பிடித்தது கண்ணாடித் தட்டுக் காலம். ஆடாமல் அசையாமல் நின்றால்தான் உருவம் விழும். அப்படி நின்றவர்களின் முகங்கள் இன்றும் இருக்கின்றன, பெயர்கள்தான் பெரும்பாலும் இல்லை. மங்கலை விட இதுதான் பெரிய குறை என்பேன்.

இந்தக் கதையைப் பெரியம்மாவிடம் சொல்லி, போனில் அந்தப் படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். போகஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தத் தொரசாணி, நின்னவங்களுக்கு ஒரு கொப்பியாவது குடுத்துச்சா?"

நான் விழித்தேன்.

"எங்க குடுத்திருக்கப் போவுது! நீ எனக்கு ரெண்டு கொப்பி போட்டுக்கிட்டு வா. ஒண்ணு பெருசா."