அம்மாவின் காதும் ஐந்து புள்ளி ஒன்றும்

வீட்டில் ஓர் அறை காலியானால் உடனே வாரிசுப் போட்டி தொடங்கிவிடும். மகள் கல்யாணமாகிப் போனதும், எங்கள் சென்னை ஃபிளாட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு மூன்று விண்ணப்பங்கள் வந்தன. அம்மா அதைப் பூஜை அறை ஆக்கச் சொன்னாள். துணி மடிக்கவும் இஸ்திரி போடவும் இடம் வேண்டும் என்றாள் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் "மீடியா ரூம்" என்றான். அது என்னவென்று யாருக்கும் முழுசாகத் தெரியாததால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. ஓரமாக இஸ்திரி மேஜை இருக்கும் என்ற ஒரு திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது.

சத்தம் நம் ஜனங்களுக்குப் புதிதில்லை. எண்பதுகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி சலூனிலும் டீக்கடையிலும் மாட்டி வைத்திருப்பார்கள். இளையராஜா பாட்டின் பேஸ் கிடார் அதிலிருந்து 'தும் தும்' என்று இறங்கும்போது, பாதி ஷேவிங்கில் கிடப்பவரும் தலையாட்டுவார். கத்தி வைத்திருப்பவர் அவர் ஆட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு பி.எம்.பி.ஓ. வாட்ஸ் காலம் வந்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் மேல் ஆயிரம் வாட்ஸ் என்று தங்க நிறத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு பொது இலக்கணமே கிடையாது என்பதால், அட்டைப் பெட்டியில் எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு பூஜ்யம் போட்டார்கள்.

தியேட்டர்களும் சும்மா இருக்கவில்லை. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியோடு வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸோடு வந்தது. 2012 கடைசியில் 'சிவாஜி' முப்பரிமாணத்தில் திரும்பி வந்தபோது டால்பி அட்மாஸையும் கூட்டிக்கொண்டு வந்தது. வசனம் கேட்கப் போன கூட்டம் படிப்படியாகச் சத்தம் கேட்கப் போகிற கூட்டமாயிற்று. 2024-ல் 'கங்குவா' வெளியானபோது காது வலிக்கிறது என்று ரசிகர்கள் புகார் சொல்ல, ஒலியளவை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டியதாயிற்று. இப்படி வளர்ந்த சத்தத்தைத்தான் பத்துக்குப் பன்னிரண்டில் அடைக்க நானும் மகனும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினோம். மவுண்ட் ரோடு பார்த்து நாளாயிற்று என்று அம்மாவும் கூடவே வந்தாள்.

கடையின் டெமோ அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. சோபாவில் உட்கார்ந்தவுடன் யுத்தம் தொடங்கியது. ஒரு தோட்டா இடது காதுப் பக்கம் நுழைந்து வலது காதுப் பக்கம் வெளியேறியது. பின்னால் ஒரு கட்டிடம் இடிந்தது. மேலே ஹெலிகாப்டர். மகன் முகத்தில் ஞானம் பெற்ற களை.

"ஏம்ப்பா, இதுல யாராவது பேசுவாங்களா?" என்றாள் அம்மா.

"இது ஆக்‌ஷன் சீன், பாட்டிம்மா."

"பேசுற சீன் ஒண்ணு போடேன்."

விற்பனைப் பையன் ரிமோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினான். குண்டு வெடிப்பு, கார் துரத்தல், மழை, டைனோசர் எல்லாம் இருந்தன. மனிதன் மனிதனிடம் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. கடைசியில் அம்மாவே யோசனை சொல்ல, யூடியூப்பில் ஒரு பட்டிமன்றத்தைப் போட்டான். ஹோம் தியேட்டர் வரலாற்றில் பட்டிமன்றத்துக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைத்திருக்காது. விலை உயர்ந்த ஆளுயர ஸ்பீக்கர் செட்டில் நடுவர் சொம்புக்குள் உட்கார்ந்து பேசினார். பக்கத்தில் இருந்த சின்ன செட்டில் சோபாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து பேசினார். "இந்தப் பொட்டியிலதாண்டா 'ச' தனியா 'த' தனியா கேக்குது" என்றாள் அம்மா.

இதில் பாமரத்தனம் எதுவும் இல்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண்களை. உயிரெழுத்து ஓசைகள் கீழே இருப்பதால் தப்பிக்கும். 'ச' மாதிரியான மெல்லிய உரசல்கள் மேலே இருப்பதால் போய்விடும். எதிராளி பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் விளங்காது. சரவுண்ட் ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி டி.வி.க்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். வாங்குகிறவர்களோ இடிக்கும் மின்னலுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, சென்டரை செட்டோடு வந்த இலவச இணைப்பாக நினைக்கிறார்கள். அப்புறம் கதாநாயகி கிசுகிசுக்கும்போது வால்யூமை ஏற்றி, வில்லன் சுடும்போது இறக்கி, ரிமோட்டும் கையுமாகப் படம் பார்க்கிறார்கள்.

ஆக, பெட்டி வாங்கும் முன் வீட்டில் இருக்கிற காதுகளை எண்ண வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் முதல் ஜோடி அம்மாவுடையது.

விற்பனைப் பையன் அவ்வளவு லேசில் விடவில்லை. "சார், இது நூறு வாட்ஸ், அது இருநூறு. டபுள் பவர்!" என்றான். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் பத்து டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் கேட்கும். இதை மகன் விளக்கியதும் பையன் முகம் சற்று வாடியது. ஆனால் கையிலிருந்த ரிமோட் வாடவில்லை. இரண்டு செட்டை ஒப்பிட்டுக் காட்டும்போது, விற்க வேண்டியதைத் துளி சத்தமாக வைப்பது தொழில் தர்மம். காது அந்தத் துளி சத்தத்தைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ரிமோட்டை வாங்கி மகனிடம் கொடுத்தோம்.

அடுத்து எண்கள். ஐந்து புள்ளி ஒன்று என்றால் ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர். ஐந்து புள்ளி ஒன்று புள்ளி இரண்டு என்றால் தலைக்கு மேலிருந்து ஒலி தர இன்னும் இரண்டு. ஏழு புள்ளி ஒன்று புள்ளி நான்கு என்றால் வீட்டில் வேறு யாரும் குடியிருக்கவில்லை. உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேரே பூஜ்யம் டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரியில் இருக்க வேண்டும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 110 டிகிரியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மகன் அளந்து பார்த்தான். வலது 110 டிகிரி கதவு திறக்கிற வழியில் விழுந்தது. இடது 110 டிகிரி நேராக இஸ்திரி மேஜையில் விழுந்தது.

"ஏங்க, இந்த டிகிரி கண்டுபிடிச்சவர் என்னிக்காவது வீட்ல துணி மடிச்சிருக்காரா?" என்றாள் மனைவி. நானும் மடித்ததில்லை என்பதால் பதில் சொல்லவில்லை. அவளுக்குக் காதைவிடக் கண் கூர்மை. தரையில் ஒரு வயர் தெரிந்தாலும் அதற்குக் கணக்குக் கேட்பாள்.

தலைக்கு மேலிருந்து ஒலி தரும் அட்மாஸ் ஆசையை மின்விசிறி முடித்து வைத்தது. கூரையில் ஸ்பீக்கர் பதிக்க ஃபால்ஸ் சீலிங் வேண்டும்; எங்களுக்கு இருப்பது வெறும் கான்கிரீட் தளம். தரை ஸ்பீக்கரே ஒலியை மேல்நோக்கி வீசி, கூரையில் பட்டுத் தெறிக்கச் செய்யும் வகையும் உண்டு. அதற்குக் கூரை தட்டையாக, வெற்றாக இருக்க வேண்டும். சென்னையில் மே மாதம் மின்விசிறி இல்லாத கூரையின் கீழ் யார் படம் பார்ப்பார்கள்? விசிறியை ஐந்தில் வைத்தால் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் தானாகவே கேட்கிறது, கரண்ட் செலவு மட்டும்தான்.

எனவே முன்னால் மூன்று ஸ்பீக்கர், அதில் சென்டர் மட்டும் கொஞ்சம் ஒசத்தி. கூடவே ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் இயக்க ஒரு ரிசீவர் என்று முடிவாயிற்று. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் மகன் வேலைக்குப் போன பிறகு, அவன் சம்பளத்தில், அவன் வீட்டில்.

பெட்டிகள் வந்து இறங்கின. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது, ஆகவே சப்வூஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார்கள். திசைதான் தெரியாது, மற்றது எல்லாம் தெரியும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். எங்கள் அறையின் நீளமோ மூன்றரை மீட்டர் சொச்சம். அவ்வளவு பெரிய அலை சுவருக்குச் சுவர் மோதி, மூலையில் குவியும், நடுவில் காணாமல் போகும். சோபாவின் ஒரு முனையில் இடி, மறு முனையில் மயான அமைதி.

சரியான இடம் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் உட்கார வைக்க வேண்டும். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டுத் தலைவர் சுவரோரமாக நான்கு காலில் தவழ வேண்டும். எங்கே ஒலி உருண்டு திரண்டு சீராகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். நான் தவழ்ந்து ஜன்னல் ஓரம் சேர்ந்த நேரம் பார்த்துப் பால் கணக்கு வாங்க வந்த பெண்மணி வாசலில் நின்றிருந்தார். "சாருக்கு என்னமோ விழுந்துடுச்சா?" என்று மனைவியிடம் கேட்டார். "ஆமா, அப்பவே விழுந்துடுச்சு" என்றாள் அவள்.

பிறகு மைக் வைத்து அளவெடுக்கும் சடங்கு. ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வரும். அதை நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் நிறுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'விய்ய்ப்' என்று கூவும். தூரம், சத்தம், அறையின் கோளாறு எல்லாவற்றையும் ரிசீவர் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்கு ஒரே நிபந்தனை: அறை நிசப்தமாக இருக்க வேண்டும். காலையில் வைத்தால் குக்கர் விசில். பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரின் ஒலிபெருக்கி. மத்தியானம் மாடி வீட்டில் டைல்ஸ் அறுப்பு. சாயங்காலம் காக்கைகள். ஒவ்வொரு முறையும் "சுற்றுப்புற இரைச்சல் அதிகம்" என்று திரையில் காட்டிவிட்டு ரிசீவர் வேலையை நிறுத்திக்கொண்டது. ஊர் அடங்குவது நடுநிசிக்குப் பிறகுதான் என்று மகன் கண்டுபிடித்து, விடியற்காலை அலாரம் வைத்து எழுந்தான்.

சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அனுமதி, பகலிலேயே 55. சப்வூஃபர் இந்தச் சட்டம் படித்ததில்லை. அதன் முறை வந்ததும் தரையோடு தரையாக ஒரு நீண்ட உறுமல் உறுமியது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. கீழ்வீட்டுக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்.

"சார், நிலநடுக்கமா?"

கணக்கில் விடுபட்டிருந்த ஜோடிக் காது அது. கனத்த திரை, கம்பளம், புத்தக அலமாரி எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். டைல்ஸ் தரைக்கு அவை அவசியம். ஆனால் பேஸ் கீழே போவதைத் தடுக்காது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை, சுவர்தான் அசிங்கமாகும். சத்தத்தைத் தடுப்பது எடை, இடைவெளி, துளியும் ஓட்டை இல்லாத அடைப்பு. அப்படி ஓர் அறைக்குள் அறை கட்ட எஸ்டிமேட் வாங்கினேன். அந்தப் பணத்தில் கீழ்வீட்டுக்காரருக்கு ஆயுசு முழுக்க ஃபில்டர் காபி கொடுக்கலாம் என்று தெரிந்தது. சப்வூஃபருக்கு அடியில் ஒரு தடித்த ஃபோம் மெத்தை போட்டோம், அதன் வால்யூமைப் பாதியாகக் குறைத்தோம், சனிக்கிழமை படம் பார்க்க அவரைத் தம்பதி சமேதராக அழைத்தோம்.

வந்தவருடையது சாதாரணக் காது இல்லை. படத்தில் ரயில் வந்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஞ்சின் டீசல், சத்தம் ஸ்டீம்! எவன் சார் இது?" என்றார். அம்மாவுக்கு வசனம் எழுத்தெழுத்தாக விளங்கியது. அதனால் கதையில் ஓட்டை இருப்பதும் விளங்கியது. முன்பு காது கேட்காமல் ரசித்த இயக்குநர்கள் சிலரை இப்போது அவளுக்குப் பிடிப்பதில்லை. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டே முழுப் படமும் பார்த்தாள். 110 டிகிரியில் இருந்து அவ்வப்போது வந்த 'புஸ்' என்ற நீராவிச் சத்தம்தான் எங்கள் வீட்டுச் சரவுண்ட்.

இப்போது சனிக்கிழமைகளில் சோபாவின் நடு இடம் கீழ்வீட்டுக்காரருக்கு என்று எழுதாத ஒப்பந்தம். போன வாரம் சண்டைக் காட்சி தொடங்கியதும், பழக்க தோஷத்தில் நான் ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எதுக்கு சார் குறைக்கிறீங்க? ரெண்டு பாயிண்ட் ஏத்துங்க. கீழேதான் யாரும் இல்லையே!"