பாயின்செட்டியாவும் அலமாரித் தவமும்

வட அமெரிக்க இல்லங்களில் குளிர்காலத்தை வரவேற்கும் முறைகளுள், பாயின்செட்டியா என்னும் செடியை அக்டோபர் தொடங்கி 8 முதல் 10 வாரங்கள் வரை நாள்தோறும் மாலை 5 மணிக்கு அலமாரிக்குள் அடைத்து, மறுநாள் காலை 8 மணிக்கு விடுவிக்கும் வழக்கம் பெரிதும் போற்றத்தக்கது. இது குறும்பகல் தாவரம், அதாவது இரவு நீண்டால் மட்டுமே பூக்கும் இயல்புடையது, ஆதலின் இரவுதோறும் ஏறத்தாழ 14 மணிநேர இடையறாத இருளை வேண்டுகிறது; கதவிடுக்கில் கசியும் விளக்கொளியும் அதன் கணக்கைக் குலைக்கக்கூடும் என்பதால், குடும்பத்தினர் சுவரைத் தடவி நடக்கப் பழகுவதும், விருந்தினர் அலமாரியில் மாட்ட இயலாத மேலங்கியுடனேயே உணவருந்துவதும் அறிவியல் மனப்பான்மையின் உயரிய வெளிப்பாடுகளாகும். பிள்ளைகளை ஒருநாளும் நேரத்தில் உறங்கவைக்க இயலாத பெற்றோர், செடியின் உறக்கத்தை நிமிடம் பிசகாமல் காப்பது தனிச்சிறப்பு. இத்தவத்தின் பயனாகச் சிவப்பவை பூவடிச் செதில்கள் எனப்படும் உருமாறிய இலைகளே. பூக்களோ நடுவில் மஞ்சளாக, கண்ணாடி அணிந்து தேடவேண்டிய அளவில் அமர்ந்திருக்கும். 1820களில் மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் இச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பியபோது அலமாரி எதையும் உடன் அனுப்பியதாகத் தெரியவில்லை. மெக்சிகோவில் அது ஆளுயரத்துக்கும் மேலே காடாக வளர்ந்து, எவருடைய மேற்பார்வையும் இன்றி ஆண்டுதோறும் சிவந்துகொண்டிருந்தது.